கத்தாமல் கேட்க ஒரு பெட்டி

மெல்லப் பேசுகிற ஒருத்தியின் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை என்றால் திருத்த வேண்டியது எதை? அவள் தொண்டையையா, மற்றவர்கள் காதையா? பெரிய மனிதர்கள் யாரும் இதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் மூடிக்கொள்வதால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது. காது மிஷின் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு வந்தது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ரகசியம். எதைச் சொன்னாலும் ரகசியம் சொல்வது போலவே இருக்கும். "தண்ணி வந்துடுச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னால், அவள் முதலில் கதவைச் சாத்துவாள், பிறகு காதைக் கொண்டுவந்து, "சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லு" என்பாள். பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் கிழிப்பார். டாக்டர்கள் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அழகான குரலா என்றால், சட்டென்று அப்படிச் சொல்லிவிட முடியாது. தெளிவான குரல். ஒவ்வொரு சொல்லும் துடைத்துக் கவிழ்த்த டம்ளர் போல இருக்கும். பக்கத்தில் வந்தவர்களுக்கு மட்டும்.

வீட்டில் யாரும் பக்கத்தில் வருவதில்லை. கணவர் காய்கறி மொத்த மண்டியில் ஏலம் கூறுபவர். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் மேல் நின்று அவர் விலை சொன்னால் மண்டியின் அந்தக் கோடியில் வெங்காயம் பொறுக்குகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு முகம் அம்மாவுடையது, தொண்டை அப்பாவுடையது. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்த வீட்டில் சுவருக்கு மட்டும்தான் இருந்தது. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிற மொழி நம்முடையது. ரகசியம் அந்தக் கடைசிக்கு வந்து சேர்வதற்குள் மற்ற இருவரும் வேறு விஷயம் பேசி முடித்திருப்பார்கள். அதனால் அவள் கடைக்குப் போனாளா, போகப் போகிறாளா, போக மாட்டாளா என்பது அந்த வீட்டில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

ஒரே ஓர் இடத்தில் அவளுடைய குரலுக்கு மதிப்பு இருந்தது. காது மிஷின் கடை முதலாளி அவளை வேலைக்கு வைத்ததே அதற்காகத்தான். விளக்குகளும் முட்களும் வைத்த சோதனைக் கருவிகள் எல்லாம் அவரிடம் இருந்தன. ஆனால் வாடிக்கையாளருக்கு மிஷினைப் பொருத்தியபின் கடைசிச் சோதனை ரகசியம்தான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு சின்னப் பத்தியைப் படிப்பாள். அது கேட்டுவிட்டால் உலகத்தில் வேறு எதுவும் கேட்கும் என்பது முதலாளியின் கொள்கை.

பத்தியை எழுதியது முதலாளியே. அவருடைய ஒரே படைப்பு. 'மழை விட்டிருந்தது. அவள் ஈரச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். கடைசி அறைக் கதவில் பூட்டு இல்லை. மெல்லத் தள்ளினாள். உள்ளே, சாய்வு நாற்காலியில்...' அவ்வளவுதான். காதுக்குச் சிரமம் தரும் எழுத்துகள் எல்லாம் அதற்குள் வந்துவிட்டதால் முதலாளி அங்கே பேனாவை மூடிவிட்டார்.

அவள் அங்கே நிறுத்துவாள். எதிரில் இருப்பவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "அப்புறம்?" என்பார். முதலாளி உள்ளேயிருந்து, "பில் போடும்மா!" என்பார். 'அப்புறம்' வந்துவிட்டால் மிஷின் வேலை செய்கிறது என்று அர்த்தம். 'நல்லா இருக்கு', 'கேக்குது' என்பவர்களை முதலாளி நம்ப மாட்டார். மரியாதைக்குச் சொல்லலாம், சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காகச் சொல்லலாம். 'அப்புறம்' மட்டும் காதில் விழுந்தவன் வாயிலிருந்துதான் வரும் என்பார். அவர் சொன்னவற்றில் யோசித்துப் பார்க்கத் தகுந்தது இது ஒன்றுதான்.

"நாற்காலியில யார் சார் இருந்தாங்க?" என்று அவளும் ஒருமுறை கேட்டாள்.

"அது கதை இல்லம்மா, பரிசோதனை" என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் மிஷின் பொருத்த வந்த ஒரு பெரியவர் 'அப்புறம்' என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க மறுத்தார். பில் போட்டாயிற்று, பணமும் கட்டியாயிற்று. நாற்காலியில் இருப்பது யார் என்று தெரியாமல் போக முடியாது என்றார். வேறு வழியில்லாமல் ரகசியம் மனதுக்குத் தோன்றியபடி ஒரு பத்து நிமிஷம் கதையை நகர்த்தினாள். கூட வந்த மருமகள் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தவள், பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே வந்து நின்று கேட்டாள். அவள் ஒலிப்புத்தகம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள்.

"நீங்க புத்தகம் படிச்சுப் பதிவு பண்ணுவீங்களா? ஒரு நாவலுக்குக் குரல் தேடிட்டிருக்கோம். எல்லாரும் மேடையில பேசற மாதிரியே படிக்கிறாங்க. முதல் அத்தியாயம் அனுப்பறேன். வீட்டுலயே பதிவு பண்ணி மாசக் கடைசிக்குள்ள அனுப்புங்க. சரியா வந்தா முழுப் புத்தகமும் உங்களுக்கு."

ரகசியம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். அதாவது, சொல்லத் தொடங்கினாள்.

"புத்தகமா? வாங்கிட்டு வந்தியா?" என்றார் ஏலக்காரர்.

"வாங்கல. என்னைப் படிக்க..."

"படிக்கவா? இந்த வயசுலயா? எந்தக் காலேஜ்?" என்றாள் மகள்.

விஷயம் அவர்களுக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ஒரு கதையை, கத்தாமல், தொடக்கத்திலிருந்து கடைசி வினைச்சொல் வரைக்கும், குறுக்கே யாரும் வராமல் சொல்லி முடிக்க வேண்டும். இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு தடவை வராது என்று அவளுக்குத் தெரியும்.

வாஷிங் மெஷின் வாங்க என்று அவள் சேர்த்து வைத்திருந்த பணம் கொஞ்சம் இருந்தது. அதில் ஒரு பங்கை எடுத்து யாரோ விற்ற பழைய மைக் ஒன்றும், மைக்கைக் கம்ப்யூட்டரோடு சேர்க்க உள்ளங்கையளவு பெட்டி ஒன்றும் மகள் வாங்கித் தந்தாள். அத்தியாயத்தைப் படித்துப் பதிவு செய்து அனுப்பினார்கள். மறுநாளே பதில் வந்தது. 'குரல் நன்று. ஆனால் பின்னால் இரைச்சல் நிறைய இருக்கிறது. அருவிக்கரையில் உட்கார்ந்து படித்தீர்களா? கொஞ்சம் சத்தமாகப் படித்தால் சரியாகிவிடும். மாதக் கடைசி வரை காத்திருக்கிறோம்.'

மகள் இணையத்தில் மூழ்கி எழுந்து வந்து விளக்கினாள். "மைக்கிலேருந்து வர்றது நூல் மாதிரிம்மா. அதைக் கயிறாத் திரிச்சுக் கொடுக்கத்தான் இந்தப் பெட்டி. ப்ரீஆம்ப்னு பேரு. அப்பா மாதிரி ஆளுங்க பேசினா வர்றதே கயிறாத்தான் வருது, பெட்டிக்கு வேலையே இல்லை. நீ பேசினா வர்றது சிலந்தி நூல். குமிழைக் கடைசி வரைக்கும் திருக வேண்டியிருக்கு. மலிவுப் பெட்டி அப்ப நூலோட சேர்த்து தன்னோட பஞ்சையும் திரிச்சிடுது."

சோதித்துப் பார்த்தார்கள். ஏலக்காரர் அந்த மைக்கில் "தக்காளி பெட்டி, பாக்காம போகாதே!" என்றார். பதிவு பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. ஏற்கெனவே எல்லோருக்கும் கேட்கிற குரலுக்கு அந்தப் பெட்டி அற்புதமாக வேலை செய்தது. உலகத்தில் பெரும்பாலான உதவிகள் இப்படித்தான் அமைந்திருக்கின்றன.

"பெட்டியில ஒண்ணும் கோளாறு இல்லை, உன்கிட்டதான்" என்று தீர்ப்பு சொன்னார் ஏலக்காரர். "நிறைகுடம் தளும்பாதுன்னு சொல்லுவாங்க. அதுக்காக உள்ள தண்ணி இருக்கா இல்லையான்னே தெரியாம இருந்தா எப்படி? இப்படி வந்து நில்லு. காலை அகட்டி வை. வயித்துலேருந்து எடு. தூரத்துல ஒருத்தன் முருங்கைக்காயைப் பார்த்துட்டு வாங்காமப் போறான்னு வெச்சுக்கோ. அவனைத் திரும்ப வைக்கணும்."

நாவல், தான் முன்பு வேலை பார்த்த வீடுகளுக்கெல்லாம் தொலைந்துபோன ஒரு சாவியைத் தேடித் திரும்பிப் போகும் ஒரு பெண்ணைப் பற்றியது. அந்தப் பெண் பழைய முதலாளியம்மாவின் கட்டிலருகே நின்று 'என்னைத் தெரிகிறதா?' என்று கேட்கும் இடத்தை, ரகசியம் காலை அகட்டி வைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்து எடுத்துப் படித்தாள்.

மகள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். "அம்மா, அந்தக் கிழவி கட்டிலோட ஏலத்துக்கு வந்துட்டா."

ரகசியத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் கத்துவது அதோடு முடிந்தது. இனிமேல் மாற வேண்டியது பெட்டிதான், தான் இல்லை என்று அவள் முடிவு செய்தாள்.

அடுத்து முதலாளி களத்தில் இறங்கினார். தன் கடையின் குரல் வெளியே போய் அவமானப்படுவதா என்று அவருக்கு ரோஷம். "நம்ம சோதனை அறை எதுக்கு இருக்கு? சுத்தி ரப்பர், பஞ்சு. உள்ள உட்கார்ந்தா உங்க ரத்தம் ஓடற சத்தம் உங்களுக்கே கேக்கும். அங்க பதிவு பண்ணுங்க."

பண்ணினார்கள். வீட்டில் இருந்த தெருச் சத்தம், மின்விசிறி, குக்கர் விசில் எல்லாம் போய்விட்டன. இப்போது பெட்டியின் இரைச்சல் மட்டும் வேறு எந்தத் தொந்தரவும் இல்லாமல் சுத்தமாகக் கேட்டது.

முதலாளி விடுவதாக இல்லை. கண்ணாடி அலமாரியைத் திறந்து, கடையிலேயே விலை அதிகமான காது மிஷினை எடுத்தார். "இது என்ன? சின்னச் சத்தத்தை வாங்கிப் பெரிசாக்கிக் கொடுக்குது. நீங்க ஊரெல்லாம் தேடற ப்ரீஆம்ப் இதுதானே? வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்க."

அதை மைக்கோடு சேர்த்து, டேப் சுற்றி, சாமணத்தால் ஏதேதோ பண்ணி, ஒரு மணி நேரம் போராடினார். காது மிஷின் ஒரு காதுக்குள் இருக்கிற வரைக்கும் ஒழுங்காக இருக்கும்; காது இல்லாமல் விட்டால் விசிலடிக்கும். அது விசிலடித்தது. விசில் நின்றபோது கேட்ட குரல், பால் டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட யாரோ உதவி கேட்பது போலிருந்தது.

"குரல் கேக்குதா இல்லையா?" என்றார் முதலாளி.

"கேக்குது சார்" என்றாள் ரகசியம்.

அவள் 'அப்புறம்' என்று சொல்லவில்லை என்பதை அவர் கவனித்தார். மிஷினைத் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அதற்குப்பின் மகளும் அவளும் கடை கடையாக ஏறினார்கள். இசைக்கருவி விற்கும் கடையில் கண்ணாடிக் கதவு, குளிர்பதனம், சுவரெல்லாம் கிடார். அங்கிருந்த விற்பனையாளர் வெள்ளிநிறப் பெட்டி ஒன்றைக் குழந்தையை எடுப்பது போல இரண்டு கையாலும் எடுத்துக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. ரகசியம் எல்லா விலையையும் வாஷிங் மெஷினில் கணக்குப் பார்க்கப் பழகியிருந்தாள். அந்தப் பெட்டி ஒன்றரை வாஷிங் மெஷின். மிச்சமிருந்த பணம் முக்கால் வாஷிங் மெஷின். அதுவும் துணி பிழியாத ரகம்.

"மேடம் என்ன வேலைக்கு எடுக்கறீங்க?"

"சும்மா, வீட்டுல படிக்க" என்றாள் ரகசியம்.

அவர் காதை அருகே கொண்டுவந்தார். "என்னது?"

"வீட்டுல படிக்க."

அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் ஏதோ அந்தரங்கமான காரியம் என்று மட்டும் புரிந்துகொண்டு, "ஓ... சரிங்க, சரிங்க" என்று தானும் குரலைத் தாழ்த்தி, பெட்டியை உள்ளே வைத்துவிட்டார்.

இன்னொரு கடையில் நான்கு நீல விளக்கு எரியும் பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. மகள் அதைத் திருப்பி, மூடியை நெம்பிப் பார்த்தாள். உள்ளே விளக்குகளுக்குப் போகிற ஒயர் மட்டும் இருந்தது. மீதி இடமெல்லாம் காற்று. "இரைச்சலே இருக்காதுன்னு சொன்னேனே, பொய்யா?" என்றார் கடைக்காரர். அந்த வரைக்கும் அவர் சொன்னது உண்மை.

கடைசியாக மைக்செட் வாடகைக்கு விடுகிறவரிடம் போனார்கள். கடை முழுக்க ஆளுயர ஒலிபெருக்கிகள். அவர் எழுந்து நின்று வரவேற்றார்.

"அக்கா, இந்த ஆம்ப்ளிஃபயரைப் பாருங்க. போட்டா மூணு தெரு கேக்கும்."

"எனக்கு ஒரு ஆள் கேட்டாப் போதும்" என்றாள் ரகசியம்.

மைக்செட்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "எனக்குச் சத்தம்தான்க்கா தெரியும். சத்தம் போடாத சாமான் வேணும்னா ஒண்ணு சொல்றேன். பழைய இரும்புக் கடையில ஒரு மிக்ஸர் மேசை கிடக்கு, மைக் செருகற ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி ப்ரீஆம்ப் வெச்சது. மூடிப்போன ஒலிப்பதிவுக் கூடத்துது. சேனல் பாதிக்கு மேல செத்துப்போச்சு. நான் எடுக்கலாம்னு போட்டுப் பார்த்தேன். என்ன திருகினாலும் கத்தவே மாட்டேங்குது. என் தொழிலுக்கு ஆகாதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

கத்தவே மாட்டேன் என்கிறது என்றதும் ரகசியத்துக்கு அந்தச் சாமான் மேல் ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது.

பழைய இரும்புக் கடையில் ஜன்னல் கம்பிகளுக்கும் உடைந்த சைக்கிள்களுக்கும் இடையில் அது குப்புறக் கிடந்தது. கட்டில் அளவு இருந்தது. நிமிர்த்திப் பார்த்தால் மேலெல்லாம் வரிசை வரிசையாகக் குமிழ்கள். பாதியில் தலை இல்லை. ரகசியம் கடைக்காரர் அருகே போனாள்.

"இது என்ன விலை?"

கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். அவள் பக்கம் குனிந்து, அவளை விட மெல்லிய குரலில், "ஏன்? யாராவது தேடறாங்களா?" என்றார்.

"யாரும் தேடல. எனக்குத்தான்."

"புரியுது, புரியுது. நான் எதுவும் கேக்கல." அவருக்கு வியர்த்தது. "அதைக் கொண்டுவந்து போட்டவன் யார்னே எனக்குத் தெரியாதும்மா. ஒழுங்கா வந்த சரக்குன்னு நினைச்சுத்தான் வாங்கினேன்."

"ஒழுங்கான சரக்குதான். விலை மட்டும் சொல்லுங்க."

"எடைக்கு என்ன வருமோ அதைக் குடுத்துட்டு, முதல்ல இங்கேருந்து எடுத்துட்டுப் போங்க. யார்கிட்ட வாங்கினீங்கன்னு மட்டும்..."

"சொல்ல மாட்டேன்" என்றாள் ரகசியம். அவள் நடத்திய பேரங்களில் அவளுக்குச் சாதகமாக முடிந்தது அது ஒன்றுதான். எப்படி முடிந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

மேசையை ஏற்றி வந்த வண்டிக்காரரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து, கதவைக் கழற்றி, அதைச் சாய்த்து, சுவரில் இரண்டு இடத்தில் காரை பெயர்த்து உள்ளே கொண்டுவந்தார்கள். அது நிற்கக்கூடிய இடம் வீட்டில் ஒன்றே ஒன்று, சாப்பாட்டு மேசையின் மேல். சாப்பாட்டு மேசை அதற்கு அடியில் காணாமல் போயிற்று. மண்டியிலிருந்து திரும்பி வந்த ஏலக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாஷிங் மெஷினா?"

"இல்லீங்க, அதுக்குப் பதிலா..."

"இதுல எந்தப் பக்கம் துணி போடணும்?"

"அப்பா, இது ப்ரீஆம்ப்" என்றாள் மகள்.

"ப்ரீயாத்தான் குடுத்திருப்பான்! காசு குடுத்து எவன் வாங்குவான் இதை?" அவர் அதைச் சுற்றி வந்தார். "பெருச்சாளியைப் பிடிக்க யானையைக் கூட்டிட்டு வந்த கதையா இருக்கே. இவ பேசறது எறும்பு ஊர்ற மாதிரி. அதுக்கு இம்மாம் பெரிய மேசையா?"

மகள் ஒரு ஸ்பீக்கரை இணைத்துவிட்டு, மைக்கை ஒவ்வொரு சேனலாக மாற்றி மாற்றிச் செருகினாள். ஒன்று எண்ணெயில் கடுகு போட்டது மாதிரி வெடித்தது. ஒன்றில் எங்கோ ஒரு ரேடியோ செய்தி வாசித்தது. ஒன்றிலிருந்து மெல்லிய புகை வந்தது. அதை மட்டும் எல்லோரும் சேர்ந்து ஊதினார்கள். மற்றவற்றில் அதே அருவி. கடைசிக்கு முந்தையதில் ஒன்றுமே இல்லை. குமிழைக் கடைசி வரை திருகியும் 'உஸ்' என்றுகூட வரவில்லை.

"இதுவும் செத்துப்போச்சு" என்று மகள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என் காசு... அதாவது வாஷிங் மெஷின் காசு" என்று ஏலக்காரர் தொடங்கினார்.

ரகசியம் மைக்கின் முன்னால்தான் நின்றிருந்தாள். அவளுக்குப் பசி. "சாப்பாடு ஆறிப்போகுது, முதல்ல ரெண்டு பேரும் தட்டை எடுத்துட்டு வந்து உட்காருங்க" என்றாள்.

ஸ்பீக்கரிலிருந்து அது அறை முழுக்க வந்தது. கூடவே வேறு எதுவும் வரவில்லை. பின்னால் அப்படி ஓர் அமைதி இருந்ததால்தான் அவர்கள் அதைப் பிணம் என்று நினைத்திருந்தார்கள். அவளுடைய குரல் அளவில் பெரிதாகியிருந்தது, ஆனால் கத்தவில்லை. மென்மை அப்படியே இருந்தது. சொற்களுக்கு இடையில் அவள் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது.

அப்பாவும் மகளும் மறுபேச்சு இல்லாமல் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏலக்காரருக்குத் தான் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"இத்தனை வருஷமா இப்படியா பேசிட்டிருந்தே?" என்றார்.

அந்த மேசையின் விளிம்பில் தட்டுகளை வைத்துச் சாப்பிட அவர்கள் பழகிக்கொண்டார்கள். ஓடத் தொடங்கி அரை மணி நேரத்தில் மேசை இளஞ்சூடாகிவிடும் என்று ஏலக்காரர் கண்டுபிடித்தார். மண்டிச் சேற்றில் நனைந்த தன் காலுறைகளைத் துவைத்து அதன் மேல் காயப்போட்டார். "வாஷிங் மெஷின்ல பாதி வேலை இது செய்யுது. துவைக்கறதுதான் தெரியாது" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பாராட்டு.

பெட்டி கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஒரே உயிருள்ள சேனல் அநியாயத்துக்கு நேர்மையானதாக இருந்தது. சின்ன ஓசையையும் விடாது. இரவில் தெருநாய்கள் விடாது; தெரு அடங்கியிருக்கும் நேரம் பிற்பகல் மட்டுமே. அந்த நேரத்தில்தான் ஏலக்காரர் விடியற்கால வேலை முடிந்து உறங்குவார். அவருடைய குறட்டை இரண்டு கதவு தாண்டி வந்து சாவியைத் தேடும் பெண்ணின் பின்னாலேயே வீடு வீடாக நடந்தது.

"உங்க தங்கச்சி வீட்டுல போய்க் கொஞ்சம் தூங்கிட்டு வாங்களேன்" என்றாள் ரகசியம். போனார். ஒரு மணி நேரத்தில் தங்கச்சியின் கணவர் அவரைக் கையோடு கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். "மச்சானை நீங்களே வெச்சுக்குங்க, அக்கா" என்றார்.

மாதத்தின் கடைசி நாள் வந்துவிட்டது. மகள் சட்டம் போட்டாள். "அப்பா, இன்னைக்கு நீங்க தூங்கவே கூடாது. என் கண்ணு முன்னால, அந்த நாற்காலியில உட்காரணும். இருமக் கூடாது. நாற்காலி கிரீச்சுனா எழுந்து நின்னுக்கணும். அம்மா முடிக்கிற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்."

"ஏலத்துல நான் வாயை மூடினா ஊர் நஷ்டப்படும். இங்க மூடினா என்ன கிடைக்கும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே, துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விழித்துக்கொண்டு சும்மா இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. முதலில் உத்தரத்தைப் பார்த்தார். காலுறை காய்ந்துவிட்டதா என்று பார்த்தார். கால் விரலை எண்ணினார். இனிப் பார்க்க எதுவும் இல்லை என்றானதும் வேறு வழியில்லாமல் கேட்கத் தொடங்கினார்.

ரகசியம் படித்தாள். எப்போதும் பேசுகிறபடியே படித்தாள். சாவியைத் தேடும் பெண் முதல் வீட்டுக்குப் போனாள், கட்டிலில் கிடந்த கிழவியிடம் 'என்னைத் தெரிகிறதா?' என்று கேட்டாள். ஏலக்காரரின் வாயிலிருந்து துண்டு மடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. இரண்டாவது வீட்டில் அந்தப் பெண்ணைத் திருடி என்றார்கள். அவர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். அது கிரீச்சிடவில்லை, அவ்வளவு ஜாக்கிரதையாக நகர்ந்திருந்தார். மூன்றாவது வீட்டின் கதவை அவள் தட்டினாள். உள்ளே காலடிச் சத்தம். தாழ் விலகியது. கதவைத் திறந்து நின்ற மனிதரை அவளுக்குத் தெரிந்திருந்தது. அத்தியாயம் அங்கே முடிந்தது. ரகசியம் கடைசி வினைச்சொல்லைச் சொல்லிவிட்டு வாய் மூடினாள்.

"அப்புறம்?" என்றார் ஏலக்காரர்.

உரக்க இல்லை. அவரிடமிருந்து அப்படி ஒரு மெல்லிய ஓசை வரும் என்று மண்டியில் சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டார்கள். சேனல் அதையும் வாங்கிக்கொண்டது.

"அப்பா!" மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு மணி நேரம் வாயை மூடினவருக்கு ஒரே ஒரு நொடி பொறுக்க முடியலையா?"

"நான் எங்க பேசினேன்?" என்றார் அவர். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

அவரைத் தெருக்கோடி டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, ரகசியம் இன்னொரு தடவை முழுக்கப் படித்தாள். இந்த முறை ஒரு குறையும் இல்லை. மகள் இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது அப்பா கெடுத்தது, இது சுத்தமானது. சுத்தமானதை அனுப்பிடறேன்" என்றாள். ரகசியம் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு இரண்டையும் கடைசி வரை கேட்டாள். பிறகு கெட்டுப்போனது என்று மகள் சொன்னதைத் தானே எடுத்து அனுப்பினாள்.

மகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "வெட்டித் தொலைக்கவாவது செஞ்சிருக்கலாமேம்மா! ஒரே ஒரு வெட்டு. ரெண்டு நொடி வேலை. இந்த மேசைக்கு அலைஞ்ச அலைச்சல் எல்லாம் எதுக்கு? ஒரு பொட்டுச் சத்தம் வேணாம்னுதானே?" ரகசியம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று வாதிடலாம். உதடு அசையவில்லை என்பதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மகள் அதை உரக்கப் படித்தாள். 'இரைச்சல் துளியும் இல்லை. என்ன கருவி வாங்கினீர்கள் என்று எங்கள் பொறியாளர் கேட்கிறார். முழுப் புத்தகத்தையும் உங்களுக்கே தருகிறோம். ஒரே ஒரு விஷயம். முடிவில் ஓர் ஆண் குரல் ஏதோ கேட்கிறது. அதை நாங்களே வெட்டிவிடலாமா?'

"பார்த்தியா? நல்லவேளை, அவங்களே கேக்கறாங்க. சரின்னு போட்டுடவா?" என்றாள் மகள்.

ஏலக்காரர் மேசையின் ஒரு குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.

ரகசியம் மகளின் கையை நகர்த்திவிட்டு, நின்றபடியே பதிலைத் தட்டினாள். 'வேண்டாம். அது இருக்கட்டும்.' அனுப்பிவிட்டு, மேசை மேல் காய்ந்துவிட்ட காலுறைகளை எடுத்து ஜோடி சேர்க்கத் தொடங்கினாள்.